மாமனாருக்கும் ஓர் அறைச்சாவி

பொங்சூன் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பூசான் நகரத்து யொங்தோ தீவில் எங்கள் மேட்டுத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தொலைக்காட்சியில் தொடர் ஓடும்போதுகூட மடியில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிறுத்தத்துப் பெஞ்சைத் துடைத்துவிடுவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. படகுத் துடுப்பு அளவுக்குக் கரண்டி, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற அண்டா. அந்தத் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக் கிண்டியே அவளுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது.

கோடையின் கடைசியில் மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"இந்தக் கையால கனமான எதையும் தூக்கக் கூடாதும்மா."

"சின்னச் சட்டி தூக்கலாமா?"

"கூடாது."

"காலிச் சட்டி?"

மருத்துவர் அவளை விட்டுத் திரும்பிக்கொண்டார். கூட வந்திருந்த கணவர் கிசொப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கிசொப்பும் பதிலுக்குத் தலையை ஆட்டினார். அந்த மனிதருக்கு அதைவிட வேறென்ன தெரியும்?

கிசொப் நல்லவர். ஒரு குறையும் சொல்ல முடியாது. கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிடியை அசைத்தால் கீழே இரும்புப் பாளம் தானாக நகர்ந்து போய் இறங்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சூசொக் பண்டிகையன்று காலையில் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போடும்போது அவரைப் பார்க்க வேண்டும். அசையாமல் உட்கார்ந்துகொண்டு விரலை மட்டும் நீட்டுவார். "மீன் கிழக்கே. இறைச்சி மேற்கே. சிவப்புப் பழம் கிழக்கே. வெள்ளைப் பழம் மேற்கே." விரல் போகிற பக்கமெல்லாம் தட்டுகளும் போகும். தட்டுகளோடு பொங்சூனும் போவாள். அந்த மீனை யார் கழுவினார்கள், மாவிலும் முட்டையிலும் தோய்த்துக் கல்லில் யார் சுட்டார்கள், பைன் இலை பரப்பி அரிசிக் கொழுக்கட்டையை யார் அவித்தார்கள் என்பதெல்லாம் கிரேன் ஓட்டுபவர் கவலைப்படுகிற விஷயமா?

அவருடைய தம்பி கிதே. தம்பி பெண்டாட்டி ஹேவொன், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பொங்சூனுக்கு ஓரகத்தி. ஒவ்வொரு சூசொக்குக்கும் முந்தின நாள் அவளுக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். கடைசி மீன் துண்டு கல்லிலிருந்து இறங்கின பிறகு, ஒரு பெட்டி பேரிக்காயைத் தூக்கிக்கொண்டு, "அய்யோ அக்கா, எல்லாம் முடிஞ்சிடுச்சா!" என்று வாசலில் வந்து நிற்பாள். பொங்சூன் அவளுக்கு வைத்திருந்த பெயர் பேரிக்காய்க்காரி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவாள்.

இந்த வருஷம் பேரிக்காய்க்காரி பெட்டி இல்லாமல் வந்தாள். அதுவும் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்தாள்.

"அக்கா, சூசொக்குக்கு நாம நாலு பேரும் ஹெயுன்தே கடற்கரையில ஹோட்டலுக்குப் போறோம். ரெண்டு ரூம் போட்டாச்சு. ரெண்டு ராத்திரி. நீங்க கரண்டியைத் தொடக் கூடாது."

கிசொப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படையல் இல்லாத சூசொக்கா? நம்ம வீட்டிலா?"

"அதனால என்ன அத்தான், போட்டுடலாம்," என்றாள் ஹேவொன். "அக்காவுக்குத்தான் கை முடியாது. நீங்க மீன் சுடுங்க. நான் கல்லை எடுத்துத் தரேன்."

கிசொப் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு, "இந்த ஒரு வருஷம்தான்," என்றார்.

அதே ஊர்தான். பூசானை விட்டு எங்கும் போகவில்லை. இரண்டு பாலம் தாண்டினால் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற ஹெயுன்தே வந்துவிடும். எங்கள் மேட்டிலிருந்து பார்த்தாலே அதன் விளக்குகள் தெரியும். ஆனாலும் பொங்சூன் அந்தப் பக்கம் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே தங்குவது என்பது அவளுக்கு வெளிநாடு போகிற மாதிரி. எனவே வெளிநாட்டுக்குப் போகிறவள் மாதிரியே மூட்டை கட்டினாள்.

கிளம்புகிற அன்று ஹேவொன் வந்து நேராக அந்த மூட்டையைத்தான் பிரித்தாள். ஒரு ஜாடி கிம்ச்சி ஊறுகாய். ரப்பர் கையுறை. பாத்திரம் தேய்க்கும் நார். அடியில் பருமனாகச் சுருட்டிய ஒரு கம்பளிச் சட்டை.

"இது என்ன அக்கா?"

"ஸ்வெட்டர். கடல் காத்து குளிருமில்ல."

"ஸ்வெட்டருக்குக் கைப்பிடி எதுக்கு?"

உள்ளேயிருந்து ஒரு சின்னத் தோசைக்கல் வெளியே வந்தது. ஹேவொன் அதைத் திரும்பவும் அடுப்பங்கரையில் கொண்டுபோய் மாட்டினாள். கையுறையையும் நாரையும் பறிமுதல் செய்தாள். கிம்ச்சியை மட்டும் விட்டுவிட்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே.

பத்தொன்பதாவது மாடி. ஆண்கள் இருவருக்கும் ஓர் அறை, பெண்கள் இருவருக்கும் ஓர் அறை. அண்ணன் தம்பி குறட்டை ஒருவருக்கொருவர் சரியாகப் போகட்டும் என்று ஹேவொன் செய்த ஏற்பாடு அது. பொங்சூன் உள்ளே நுழைந்ததும் படுக்கையின் ஓரத்தில், விரிப்புக் கசங்காமல் பாதி உட்கார்ந்தாள். ஜன்னலைத் தடவிப் பார்த்தாள். தூசி இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஹேவொன் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தொட்டியை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் பொங்சூன் உள்ளே இறங்கினாள். கட்டுப் போட்ட கையை விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரே ஜன்னல் முழுக்க விரிந்து கிடந்த கடலைப் பார்த்தபடி சாய்ந்தாள். முதலில் முதுகு நம்பவில்லை. கொஞ்சங்கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுத்தது. உடம்பில் இத்தனை எலும்புகள் இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். ஒவ்வொன்றும் இப்போது பேர் சொல்லி அவளை நலம் விசாரித்தது. தண்ணீர் ஆறும்வரை கிடந்தாள். ஆறின பிறகும் கிடந்தாள்.

"அக்கா, உயிரோட இருக்கீங்களா?" என்று ஹேவொன் கதவைத் தட்டினாள்.

"போடி. இன்னும் கொஞ்சம் வெந்நீர் திறந்துவிட எந்தக் குழாய்னு சொல்லு."

சாயங்காலம் நாலு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார்கள். யாரோ ஒருத்தி சமைத்த சிப்பி நூடுல்ஸைச் சாப்பிட்டார்கள். உப்பு ஒரு சிட்டிகை கூடுதல் என்று பொங்சூனுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவதில் இருக்கிற சுகத்தை எதற்காகக் கெடுத்துக்கொள்வது? கடலுக்கு மேல் நிலா முக்கால்வாசிக்கும் மேலாகப் பழுத்து வந்திருந்தது. எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது. கிசொப்கூட ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

லிஃப்ட்டில்தான் வந்தது வினை.

ஹேவொன் ஒரு வெள்ளை அட்டையைக் கறுப்புக் கட்டத்தில் வைத்த பிறகுதான் லிஃப்ட் நகர்ந்தது. பொங்சூன் அதை இப்போதுதான் கவனித்தாள்.

"அந்த அட்டை இல்லாதவங்க எப்படி மேல வருவாங்க?"

"வர முடியாது அக்கா. அதுக்காகத்தானே அட்டையே. கண்டவங்க ஏறி வந்துடக் கூடாதுல்ல."

பொங்சூன் அதற்குப் பிறகு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் போய் இப்போது முழுதாகவே படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹேவொன், நாம மாமாகிட்டச் சொல்லலையேடி."

"எந்த மாமா?"

"நம்ம மாமனார்!"

ஹேவொனின் முகத்திலும் ஈயாடவில்லை. காப்பீட்டு அலுவலகமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவளும் இந்த வீட்டு மருமகள்தானே. படையல் போடும் இடம் மாறினால் அதற்கு முந்தின படையலிலேயே மதுவை ஊற்றி வைத்து, "அடுத்த தடவை இன்ன இடத்துக்கு வந்துடுங்க," என்று செத்துப்போன பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நம்போவில் இருக்கிற கிசொப்பின் சித்தி அடுக்குமாடி வீட்டுக்குக் குடி போனபோது கட்டட எண், மாடி, கதவுப் பூட்டின் ரகசிய எண் வரைக்கும் ஒப்பித்தார்கள். இவர்கள் வீட்டில் கடைசியாகப் படையல் போட்டது வசந்தகாலத்தில், மாமியார் இறந்த நாளில். அப்போது கையும் நன்றாக இருந்தது, ஹோட்டல் யோசனையும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. விடிந்தால் சூசொக். மாமனார் வழக்கம்போல் மேட்டுத் தெருவுக்குத்தான் வருவார். வீடு பூட்டிக் கிடக்கும்.

"அத்தையும் வருவாங்களே?" என்றாள் ஹேவொன்.

"அவங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. நான் வேலை செய்யாம உட்கார்ந்திருக்கேன்னா அதை மோப்பம் பிடிச்சு எந்த மாடிக்கும் வந்துடுவாங்க. இப்பவே இங்கதான் எங்கயாவது நின்னு ஜன்னலைத் தடவிப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. மாமாவுக்குத்தான் வழி தெரியாது."

அது உண்மை. மாமனார் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். பாதி உலகத்தைக் கடல் வழியாகச் சுற்றியவர். ஆனால் தரையில் கால் வைத்தால் திசை போய்விடும். ஒருமுறை சொம்யொனில் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சுரங்க ரயிலில் கிளம்பினவர், தூங்காமலேயே கடைசி நிறுத்தம்வரை போய்ச் சேர்ந்து, அங்கே நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, மொய்க்கவரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

பொங்சூனுக்கு அவர் என்றால் உயிர். மருமகளாக வந்த முதல் சூசொக்கில், மாமியார் பக்கத்தில் நின்று பார்த்த பார்வையில் ஒரு தட்டு மீன் துண்டுகளைக் கருக்கிவிட்டாள். மாமியார் வாயைத் திறக்கும் முன்னால் மாமனார் வந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டார். "கப்பல்ல இப்படித்தான் சுடுவான். எனக்கு இதுதான் பிடிக்கும்," என்று எல்லாவற்றையும் நின்றபடியே தின்று தீர்த்தார். பிடிக்கும் என்று சொன்னது பொய் என்பது அவர் குடித்த தண்ணீரிலேயே தெரிந்தது. அந்த வீட்டில் தன் பக்கம் ஓர் ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. அப்பேர்ப்பட்டவர் பண்டிகை நாளும் அதுவுமாகப் பூட்டின கதவுக்கு வெளியே நிற்பதா? அவள் வெந்நீரில் சாய்ந்து கிடந்ததற்கு விலை அதுவா?

"வீட்டுக்குப் போயிடலாம்டி," என்றாள். எழுந்து செருப்பைத் தேடினாள்.

ஹேவொன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போனா நீங்க ராத்திரியோட ராத்திரியா கல்லை அடுப்புல வைப்பீங்க. அது நடக்காது. அவரை இங்க வரவழைப்போம். முதல்ல அட்டைக்கு வழி பண்ணுங்க."

இருவரும் கீழே இறங்கிப் போனார்கள். வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். சட்டையில் ஈசுல் என்று பெயர் குத்தியிருந்தது.

"இன்னொரு அட்டை வேணும்மா," என்றாள் பொங்சூன்.

"கொடுக்கலாம்மா. யாருக்கு?"

"எங்க மாமனாருக்கு. காலையில வர்றாரு."

"அவர் பேரையும் பதிஞ்சுக்கணும். பிறந்த வருஷம் சொல்லுங்க."

பொங்சூன் சொன்னாள். ஈசுலின் விரல்கள் விசைப்பலகையில் ஒரு கணம் நின்றன.

"ரொம்பப் பெரியவராச்சே! சக்கர நாற்காலி எடுத்து வைக்கட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். நல்லா நடப்பாரு. வழிதான் தெரியாது."

"அப்ப வாசலுக்கு வந்ததும் எங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. கையில போன் இருக்குல்ல?"

"இருந்துது. தகனம் பண்றப்ப கூடவே வச்சு எரிச்சுட்டோம்."

ஹேவொன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஈசுல் திரையைப் பார்த்தாள், பொங்சூனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அவளும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாமல் இந்த மேசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவள்தான். மிர்யாங்கில் அவள் அம்மா இந்நேரம் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். ஈசுல் எழுந்து நின்று, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் ஒரு வெள்ளை அட்டையை நீட்டினாள்.

"காலையில என் வேலை நேரம்தான்மா. அவர் வந்தா வாசல்ல நானே நின்னு கூட்டிக்கிட்டு வரேன். ஆனா இங்கதான் வரணும்னு அவருக்கு யாராவது சொல்லணுமே?"

அதுதானே கேள்வி.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஓரகத்திகள் இருவரும் வாடகைக் காரில் ஏறினார்கள். காலியான சாலையில் இரண்டு பாலங்களும் சீக்கிரமே முடிந்துபோயின. ஓட்டுநர் தலை நரைத்த மனிதர். பண்டிகைக் காலையில் இரண்டு பெண்கள் கையில் ஒரு பொட்டலம்கூட இல்லாமல் எங்கே போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. மேட்டுத் தெருவின் முனையில் நிறுத்தி, காத்திருப்பதாகச் சொன்னார்.

தெரு முழுக்க எண்ணெய் வாசனை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. நீலக் கதவு போட்ட இவர்கள் வீடு ஒன்றுதான் இருட்டாக இருந்தது. பொங்சூன் பூட்டைத் திறந்து முற்றத்தில் போய் நின்றாள். குடும்பத்தின் சார்பாகப் பெரியவர்களோடு பேசுவதெல்லாம் இத்தனை வருஷமும் கிசொப்பின் வேலையாகவே இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா, நான்தான்," என்றாள். "இந்த வருஷம் இங்க ஒண்ணும் கிடையாது. அடுப்பே மூட்டல. என் கை போயிடுச்சு. நாங்க ஹெயுன்தேல ஹோட்டல்ல இருக்கோம். பத்தொன்பதாவது மாடி. லிஃப்ட்டுக்கு அட்டை வாங்கி வச்சிருக்கேன். ஹேவொன்தான் கூட்டிக்கிட்டுப் போனா. அவளைத் திட்டிடாதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து தொட்டியில வெந்நீர்ல படுத்துக் கிடந்தேன் மாமா. ரொம்ப நல்லா இருந்துச்சு. இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. கை போனதற்கு அழாதவள் வெந்நீருக்காக அழுதாள். பின்னால் நின்ற ஹேவொனும் மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, ஒவ்வொரு வருஷமும் நான் வேணும்னேதான் லேட்டா வந்தேன்."

"தெரியும்டி. பேரிக்காய் நல்லா இருந்துச்சு. அதான் விட்டுவச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தார்கள். ஹேவொன் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். பொங்சூன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் யாராவது வரணுமா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"வர்றாரு. வயசானவரு. கொஞ்சம் பொறுங்க."

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். காலித் தெரு. ஒரு பூனைகூட இல்லை. அவர் இருக்கையை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்துவிட்டார்.

"முன்னாடி உட்காரச் சொல்லுங்க. பாலத்து ஏத்தத்துல வண்டி வட்டமடிக்கும். பின்னாடி உட்கார்ந்தா வயசானவங்களுக்குத் தலை சுத்தும்."

வந்ததில் பாதி வேகத்தில்தான் அவர் திரும்ப ஓட்டினார்.

ஹோட்டல் வாசலில் ஈசுல் சொன்னபடியே நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் கிசொப் நின்றிருந்தார். படையலுக்கு மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டும் சூட்டும். பொங்சூன் அவரைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அவள் தோசைக்கல்லை ஒளித்துக்கொண்டு வந்த மாதிரி, இந்த மனிதர் தன் பையில் இதை ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறார்! பக்கத்து அறையில் பெண்டாட்டியைக் காணோம் என்று பதறி இறங்கி வந்தவரிடம் ஈசுல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

கிசொப் அவர்களுக்கு முன்னால் உள்ளே நடந்தார். லிஃப்ட்டின் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டார். பெண்கள் இருவரும் ஏறினார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

"அப்பா ஏறிட்டாரா?" என்றார்.

"ஏறிட்டாரு," என்றாள் பொங்சூன்.

கிதேயையும் எழுப்பிக்கொண்டு காலைச் சாப்பாட்டு அரங்குக்குப் போனார்கள். வாசலிலேயே பொங்சூன் இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் தடுத்து நிறுத்தினாள். நுழைவில், பூ அலங்காரத்துக்கு நடுவில், கோபுரம்போல் பீச் பழங்கள் அடுக்கியிருந்தார்கள். பீச் பழம் பேயை விரட்டும், படையல் நாளில் அதை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எது பேய், எது மாமனார் என்று பிரித்துப் பார்க்கப் பழத்துக்குத் தெரியுமா? பூட்டின வீட்டிலிருந்து இரண்டு பாலம் தாண்டிக் கூட்டி வந்தவரை இந்த இடத்தில் விரட்டியடித்துவிட்டால்?

கிசொப் முன்னால் போய்ப் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பழத்தையெல்லாம் எடுத்துடுங்க."

"ஏன் ஐயா, அழுகியிருக்கா?"

"இல்ல. எங்க அப்பா வந்திருக்காரு."

பையன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அவருக்கு ஒவ்வாமையா?"

"ஆமா. ஒவ்வாமை மாதிரிதான்."

கோபுரம் வண்டியில் ஏறி உள்ளே போயிற்று. பீச் தயிர் இருந்த கிண்ணங்களையும் கிசொப் ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுத்தார். கடைசிக் கிண்ணமும் போன பிறகுதான் பொங்சூன் கையை இறக்கினாள்.

"எத்தனை பேர் ஐயா?" என்று பையன் கேட்டான்.

"ஆறு பேர்," என்றார் கிசொப்.

நாலு பேர் உட்கார்ந்தார்கள். சுவர்ப் பக்கம் இரண்டு நாற்காலிகளை மாமனாருக்கும் மாமியாருக்கும் விட்டார்கள். கிசொப் முதுகை நிமிர்த்திக்கொண்டார். விரல் உயர்ந்தது. "மீன் கிழக்கே," என்று ஆரம்பித்தார்.

பொங்சூன் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எழும்போது கட்டுப் போட்ட கை நாற்காலி முதுகில் இடித்தது. முகம் சுருங்கியது. கிசொப் அந்த முகத்தைப் பார்த்தார். நீட்டின விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக மடங்கியது.

"உட்காரு," என்றார். அவர் எழுந்தார்.

பிறகு நடந்ததை ஹேவொன் இன்றைக்கும் தெருவில் நடித்துக் காட்டுகிறாள். மனிதர் வெறும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உணவு வரிசையின் தப்பான முனையிலிருந்து எதிர்த் திசையில் போனாராம். ரொட்டி எடுக்கும் இடுக்கியால் சோற்றை அள்ளப் பார்த்தாராம். புகையில் வாட்டிய சால்மன் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலை இல்லாத மீனை எந்தப் பக்கம் பார்த்துத் திருப்புவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாராம். பன்றி இறைச்சித் துண்டுகள் மேற்கே போயின. ஆப்பிள் கிழக்கே, உரித்த பேரிக்காய் மேற்கே. சுட்ட மீன் துண்டுகளுக்குப் பதிலாகத் தேன்பாகு ஊற்றிய வட்ட அப்பங்கள். கிதேயும் எழுந்து அண்ணன் பின்னாலேயே சூப்பைச் சிந்திக்கொண்டு நடந்தான். நாலைந்து நடை நடந்து, நெற்றியில் வேர்வையோடு கிசொப், பெரியவர்கள் சாப்பிடத் தொடங்கலாம் என்பதற்கு அடையாளமாக, சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினார். நாலு பேரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது.

பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொங்சூன் மாமனாருக்கு விட்டிருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இனி எல்லோருக்கும் எடுத்துப் போட வேண்டும், அவள் கடைசியில் சாப்பிட வேண்டும். அதுதான் வழக்கம். நாற்காலியை நகர்த்தப் போனாள்.

கிசொப்பைக் காணோம். திரும்பவும் உணவு வரிசையில் நின்றிருந்தார். இந்தமுறை வெகுநேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் நின்று, மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றே ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தார். திரும்பி வந்து அந்தத் தட்டைப் பொங்சூனுக்கு முன்னால் வைத்தார். தட்டில் இருந்தவை ஒன்றுக்கொன்று பொருத்தமே இல்லை. ஒரு முட்டை, ஒரு கொழுக்கட்டை, ஒரு துண்டு மீன், ஒரு பாலாடைக்கட்டி, ஒரு ஸ்பூன் அவரை விதை, ஓர் அன்னாசித் துண்டு, இன்னும் என்னென்னவோ.

"உனக்கு என்ன பிடிக்கும்னு தெரியல," என்றார் குனிந்தபடி. "யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். சத்தியமா தெரியல. அதான் எல்லாத்திலயும் ஒண்ணு எடுத்தேன்."



பொங்சூன் தட்டைப் பார்த்தாள். அவருக்கு என்ன பிடிக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும், செத்துப்போன மாமியாருக்குச் சூப்பில் எவ்வளவு உப்பு பிடிக்கும் என்பதெல்லாம் அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கும் பதில் தெரிந்திருக்காது. இடது கையால் முள்கரண்டியை எடுத்தாள். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ருசி பார்த்துக்கொண்டே வந்தாள். கிசொப் உட்காராமல் பக்கத்திலேயே நின்றார்.

கடைசியில் அவள் பாலாடைக்கட்டியைக் காட்டினாள்.

"இது," என்றாள். "இது நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க."